ஞாயிற்றுக்கிழமை மீன் சூப்

பாகூரில் புவனேஸ்வரி வீட்டு வாசலில் திங்கள் காலை வந்து நின்ற ராஜ்கமலுக்கு முகத்தில் ஈயாடவில்லை. முகத்துவாரத் தீவில் அவர் நடத்தும் பிஸ்ட்ரோ என்ற பிரெஞ்சு உணவகத்தில் நேற்று மீன் சூப் குடித்த எட்டு டூரிஸ்டுகள் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள்.

"எல்லம்மா சமைச்சதுதான் மேடம். அவங்க தப்புன்னா வேலைய விட்டுத் தூக்கிடுவேன், போலீசுக்கும் போவேன்."

"விஷமா இருக்கும்!" என்றார் புவனேஸ்வரியோடு இருந்த அன்புராஜ். ஏட்டு வேலையிலிருந்து ஓய்வு பெற்றும் அவருக்கு எதிலும் விஷம்தான். முன்னாள் இன்ஸ்பெக்டர் புவனேஸ்வரி செருப்பை மாட்டினார்.

படகுத்துறையை ஒட்டிய எல்லம்மாளின் குப்பத்துத் தெரு நெடுக சாமந்தி இதழ்கள் சிதறிக் கிடந்தன. ஒரு பந்தலைப் பிரித்துக்கொண்டிருந்தார்கள். அன்புராஜ் பூவை மிதிக்காமல் ஒதுங்கி நடந்து படகேறினார்.

பிஸ்ட்ரோவின் கரும்பலகையில் 'இன்று காலை பிடித்த மீன்' என்ற நேற்றைய எழுத்து அழியாமல் இருந்தது. எல்லம்மாள் அழுது ஓய்ந்திருந்தாள். சனிக்கிழமை வந்தால் திங்கள் மாலைதான் அவளுக்குக் கரை; அதுவரை அவள் போன் முதலாளியின் பீரோவில்.

"மீன் கெட்டது உனக்குத் தெரியலியாம்மா?" என்று கேட்டார் புவனேஸ்வரி.

"செவுளப் பாத்தா சொல்லிடுவேன். இங்க தல, தோலு எதுவும் வரக்கூடாதாம். துண்டு போட்டு, எலுமிச்ச புழிஞ்சி எம்புள்ளதான் கொண்டாருவான்."

மகன் அரசு பக்கத்திலேயே நின்றான். "நேத்து விடியகாலம் நம்ம போட்ல புடிச்சதுங்க" என்றான்.

"நேத்து உங்க குப்பத்துல ஒரு போட்டும் கடல்ல எறங்கலை" என்றார் புவனேஸ்வரி. "தெருவெல்லாம் பாடைப் பூ, இன்னும் வாடலை. சாவு விழுந்த அன்னிக்கு நீங்க கடலுக்குப் போறதில்லையே. நீ கொண்டாந்தது எங்கயோ வாங்கின பழைய ஐஸ் மீன்."

அரசு தலை குனிந்தான். அன்புராஜுக்குப் பெருமை தாங்கவில்லை. "உன்மேல தப்பில்லம்மா!" என்று திரும்பியவர், எல்லம்மாளின் முகத்தைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டார். அந்தப் பூவைத் தாண்டி வந்தபோது யாருடைய சாவு என்று அவர் கேட்கக்கூட இல்லை. வெட்கமாக இருந்தது.

"சாவா? யாருடா?" என்றாள்.

"தேவநாதன் மாமா... நேத்து விடியறதுக்குள்ள நெஞ்சுவலி. சொன்னா நீ ஓடியாந்துடுவ, வேல போயிடும்னுதான்..."

"எடுத்துட்டீங்களா?"

"நேத்து சாயங்காலமே."

"வர்ற சனிக்கிழமை நீங்க வழக்கம்போல வரலாம்மா" என்றார் ராஜ்கமல். அவள் காதில் அது விழவில்லை. மகனின் சட்டையை இரு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"எங்கூடப் பொறந்தவன் ஒருத்தன்தானடா. அவன் மூஞ்சியப் பாக்க வுடலியேடா."