இனிப்புச் செம்மலும் வெந்நொதியும்

நிலவூரில் காலை மருந்து ஜாங்கிரிதான். வெறும் வயிற்றில் இரண்டு. அடம்பிடிக்கும் பெரியவர்களின் மூக்கைப் பிடித்து ரோபோக்கள் வாயைத் திறக்கவைத்தன.

நிலாவில் எடை குறைவு. எலும்பு சீக்கிரம் பொடிந்துவிடும். அதற்கு வழி சொன்னது பூமியின் வெந்நீர் ஊற்றில் குடியிருக்கும் ஒரு நுண்ணுயிர். மற்ற நொதிகள் சூடு பட்டால் சுருண்டுவிடும். இதனிடமிருந்து எடுத்த வெந்நொதியோ கொதிக்கும் ஜாங்கிரிப் பாகிலேயே நீச்சலடித்து, சர்க்கரையை உடைத்து எலும்புச் சத்தாக்கியது. பாகற்காய் மட்டும் அதற்கு ஜென்மப் பகை. ஆகவே ஊரில் பாகற்காய்க்குத் தடை.

இதை மேடைக்கு மேடை முழங்கியவர் ஜாங்கிரிக் கழகத் தலைவர், 'இனிப்புச் செம்மல்' சௌந்தரபாண்டியன். அன்று அவருக்குச் சபை நடுவே ஆண்டுப் பரிசோதனை. ரத்தத்தில் நொதி எண் நூற்றுக்குக் குறைந்தால் பட்டம் போகும், பதவியும் போகும். துணைத்தலைவர் புதுச் சட்டையோடு வந்திருந்தார்.

"ஏன் இப்படி வேர்க்குது?" என்றாள் மனைவி எழிலரசி, அவர் சால்வையைச் சரிசெய்தபடி.

"கூட்டம் அதிகம்ல?"

"கூட்டம் உங்களுக்குப் புதுசாக்கும்! நேத்து எதுக்கு ஒரு தட்டு ஜாங்கிரியையும் ஒத்த ஆளா முழுங்குனீங்க?"

"மெல்லப் பேசுடி!"

மருத்துவ ரோபோ அவர் விரலில் குத்தியது. திரையில் நூற்றுப் பத்து. கைதட்டல் கூரையை இடித்தது. செம்மல் கும்பிட்டார்.

ரோபோவுக்கு நாசூக்கு கற்றுத்தரப்படவில்லை. "இது நேற்றைய ஜாங்கிரி. அதற்கு முந்தைய மூன்று மாதமும் ரத்தத்தில் பாகற்காய். பெரும்பாலும் வறுவல்," என்றது.

துணைத்தலைவர் சட்டைக் காலரை நிமிர்த்திக்கொண்டார்.

"அட மனுஷா! எனக்கு ஒரு வாய் குடுக்கணும்னு தோணலையே?" என்றாள் எழிலரசி.

தலைமை மருத்துவர் ஷகிலா மேடையேறினார். அவர் தலையசைத்தால்தான் தலைவர் தலைவர். செம்மலின் காதருகே குனிந்தார்.

"மொறுமொறுன்னு இருக்குமா?"

"மிளகாய்த்தூள் தூக்கலாப் போட்டா இருக்கும், மேடம்."

"கையில இருக்கா?"

செம்மல் தயங்கித் தயங்கி இடுப்பிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்தார்.

"ஒரே ஒரு துண்டு குடுங்க," என்றார் ஷகிலா. " இன்னிக்கு ஒரு நாள்தானே? நாளையிலேர்ந்து கரெக்டா இருந்துக்கிறேன்."

வாசனை மண்டபத்தில் பரவியது. நாற்காலிகள் நகர்ந்தன; மேடைக்கு முன்னால் வரிசை நீண்டது. ஷகிலா மென்றபடியே தலையசைத்தார்; செம்மல் மீண்டும் போட்டியின்றித் தேர்வானார். துணைத்தலைவர் வரிசையை விட்டு வர மறுத்துவிட்டார்.