சுவரில் நின்ற சூடு

“இஞ்சாருங்க! நான் கதைக்கிறது கேக்குதா? கேட்டா ரெண்டு தரம் தட்டுங்க!”

மரச்சுத்தியலால் சுவரில் தட்டிவிட்டு, ஹப்ஸா காதை அதில் ஒட்டினாள். ஈரச் சுண்ணாம்பின் குளிர் கன்னத்தில் ஏறியது. வெளியே கடல் இரைந்துகொண்டிருந்தது. ஓட்டில் மாரி மழை கொட்டு கொட்டென்று கொட்டியது. அந்த இரைச்சல்களுக்கு அடியில், கல்லுக்குப் பின்னாலிருந்து பதில் வந்தது.

டொக். டொக்.

“அல்ஹம்துலில்லாஹ்! உசிரோட இரிக்கார் காக்கா!” பின்னால் நின்ற ஜவுபரை அண்ணன் முறை சொல்லி அழைத்தாள்.

ஆனால் அந்தத் தட்டலில் பதற்றமே இல்லை. விருந்துக்கு வந்தவர் கதவைத் தட்டுவது போல அத்தனை நிதானம். அது அவளை எங்கோ உறுத்தியது. உறுத்தலை ஆராய நேரமில்லை.

நிந்தவூர்க் கடற்கரையில் பல வருடமாகப் பூட்டிக் கிடந்த நெல் பண்டகசாலை அது. கீறாமல், துளைக்காமல், ஒரு சில்லுக் காரையைக்கூட உதிர்க்காமல் பழைய கட்டடங்களின் நோயைக் கண்டு சொல்வது ஹப்ஸாவுக்கும் கணவன் முஸ்தாக்குக்கும் தொழில். கட்டியவன் கை நீளத் தடிப்பில் இரட்டைச் சுவர் எழுப்பி, நடுவில் ஆள் நுழையும் இடைவெளி விட்டிருந்தான். ஏன் விட்டான் என்று யாருக்கும் தெரியாது. சற்று முன், பின்னேரத் தொழுகைக்கான அஸர் பாங்கு கேட்டுக்கொண்டிருக்கும்போதே முஸ்தாக் சுவரின் உச்சிக்கு ஏறி அந்த இடைவெளியை எட்டிப் பார்த்தான். உக்கிப்போன கூரை வளைமரம் முறிந்தது. ஆள் உள்ளே. அவனுக்கு மேலே கல்லும் மண்ணும் சரிந்து இடைவெளியின் வாயை அடைத்துவிட்டன.

கல்முனையிலிருந்து தீயணைப்பு வண்டி புறப்பட்டுவிட்டதாம். வழியெல்லாம் வெள்ளம்.

“சொல்லு தங்கச்சி, உடைக்கட்டா?” கனத்த இரும்பு அலவாங்கோடு துடித்துக்கொண்டு நின்றார் கட்டடச் சொந்தக்காரர் ஜவுபர். “ஒரு ஆணி அடிக்க உடாத புள்ள நீ. இப்பயும் சட்டம் கதைக்கப் போறியா?”

“கண்டபாட்டுக்கு உடைச்சா எல்லாம் அவர்ர தலையிலதான் உழும். பொறுங்க காக்கா!”

வெப்பக் கமராவைச் சுவருக்கு நேராகக் கருவிப் பைமேல் வைத்தாள். திரை முழுக்கக் குளிரின் நீலம். நடுவில் செம்மஞ்சளாய் ஓர் ஆள். தலை தெரிந்தது. தோள் தெரிந்தது. தட்டுவதற்கு ஓங்கிய ஒரு கை.

“இந்தா நிக்கிறார்!” ஹப்ஸா அழுதேவிட்டாள்.

இனி மூச்சு விட வழி வேண்டும். சுத்தியலால் தட்டித் தட்டி நகர்ந்தாள். உருவத்துக்கு இடப்பக்கம், முக உயரத்தில், சத்தம் உள்வெறுமையான பொள்ளலாக மாறியது. பழைய காற்றுத் துவாரம். செங்கல் வைத்து அடைத்திருக்கிறார்கள். திரையில் அந்த இடம் கருநீலம். அங்கே யாரும் இல்லை.

“அலவாங்கத் தாங்க.”

“நான் குத்துறன் புள்ள. ஒனக்கு ஏலாது.”

“வேணாம். எடம் எனக்குத்தான் தெரியும்.” சுவரோடு வாய் வைத்துக் கத்தினாள். “நிண்ட எடத்திலேயே நில்லுங்க! இஞ்சால வராதீங்க!”

டொக். டொக்.

முதல் குத்து. சுண்ணாம்பு கண்ணில் தெறித்தது. இரண்டாம் குத்தில் செங்கல் பிளந்தது. மூன்றாவது குத்துக்கு உடம்பின் முழுப் பாரத்தையும் கொடுத்துப் பாய்ந்தாள்.

கல் இல்லை.

மெத்தென்று ஏதோ. அதற்குப் பின்னால் கடினமாய் ஒன்று நொறுங்கியது.

“ஹப்...”

அவள் பெயர். பாதியில் நின்றது.

இழுத்தாள். வரவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தாள். அலவாங்கின் நுனியில் முடி. துவாரத்திலிருந்து இரத்தம் பீறிட்டு வெள்ளைச் சுவரில் வழிந்தது. அவள் முந்தானையில். வாயில். உப்பு.

“யா அல்லாஹ்! என்ன வேல புள்ள செஞ்ச!” ஜவுபர் நிலத்தில் குந்திவிட்டார்.

கையைத் துவாரத்துக்குள் விட்டாள். முழங்கை வரை. தோள் வரை. தாடி தட்டுப்பட்டது. அவனுடைய தாடிதான். மண் நிறைந்த வாய். அதற்கு மேலே, முகம் இருக்க வேண்டிய இடத்தில், குழி. அவள் குரல் கேட்ட பக்கம், காற்றைத் தேடி, அவன் முகத்தைத் துவாரத்தில் அழுத்திக்கொண்டு நின்றிருக்கிறான்.

அப்போது கேட்டது.

டொக். டொக்.

வலப்பக்கத்திலிருந்து.

ஹப்ஸா திரையைப் பார்த்தாள். செம்மஞ்சள் ஆள் அப்படியே. பதற்றத்தில் எதை மறந்தாள் என்பது இப்போது, சுவரில் கை புதைந்திருக்கும்போது, நினைவுக்கு வந்தது. வெப்பக் கமராவுக்குக் கல்லை ஊடுருவும் கண் இல்லை. அது காண்பது சுவரின் மேற்தோலில் வந்து சேர்ந்த சூட்டை மட்டும். கை நீளச் சுண்ணாம்புக் கல்லைக் கடந்து வர, உள்ளே இருக்கும் உடம்பின் சூட்டுக்கு ஒரு பகல் போதாது.

முஸ்தாக் விழுந்தது அஸருக்கு. அவனுடைய சூடு இன்னும் சுவரைத் தாண்டவே இல்லை.

அவர்கள் காலையில் கதவைத் திறந்தபோதும், அதற்கு முந்திய இரவிலும், இந்தச் சுவருக்குள் கையை ஓங்கியபடி ஒன்று நின்றுகொண்டிருந்திருக்கிறது. கேட்கும் போதெல்லாம் பதில் தட்டியது அதுதான்.

தட்டல் நின்றது.

உள்ளே, முஸ்தாக்கின் தாடையைப் பிடித்திருந்த அவள் விரல்கள்மேல், வலப்பக்கத்திலிருந்து ஐந்து விரல்கள் வந்து மெல்லப் படிந்து மூடின. நல்ல வெதுவெதுப்பாக இருந்தன.