எழுத்தில்லாத ஓரம்

செவ்வாய்க்கிழமை, காலை 8.15.

நடுகல் கூடத்தின் கதவைத் திறந்த கோகிலவாணி, உள்ளே கால் வைக்காமல் வாசலிலேயே நின்றுவிட்டாள். பின்னால் வந்த உஸ்மா அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

நேற்று மாலை ஒரே பாளமாக இருந்த கறுப்புக் கிரானைட் பீடம் மூன்று துண்டாகக் கிடந்தது. அதில் நட்டிருந்த பழைய வீரக்கல் மட்டும் விழவில்லை. மேலே இரும்புச் சட்டத்தில் மாட்டிய செயின் பிளாக் என்ற சங்கிலிக் கப்பியிலிருந்து இறங்கிய பெல்ட் அதன் நடுவைச் சுற்றிப் பிடித்திருந்தது. அறுநூறு கிலோ கல், ஒருபுறம் சாய்ந்து, தரைக்கு ஒரு சாண் மேலே தொங்கியது.

"உன் பீடம் போச்சு, உஸ்மா" என்றாள் கோகிலவாணி.

நேற்றுவரை அது 'நம்ம பீடம்'. உஸ்மா அதைக் கவனிக்கத் தவறவில்லை.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகும் சாலையோரம் ஓர் அறக்கட்டளை கட்டிய கூடம் அது. கட்டட வடிவமைப்பு கோகிலவாணி. கற்களை நிறுத்தும் பீடங்கள் உஸ்மா. தர்மபுரியில் பீரோ செய்யும் நூர் பாஷாவின் மகளும், பாப்பாரப்பட்டி விவசாயி வீட்டு மகளும் கல்லூரி விடுதியில் நான்கு வருடம் ஒரே அறையில் இருந்தவர்கள். உஸ்மா கட்டுமானப் பொறியியல், கோகிலவாணி கட்டடக்கலை. வேலைக்கு வந்தபின்தான் இருவருக்கும் நடுவில் ஏதோ புளிக்கத் தொடங்கியது.

சாலையில் போகும் லாரிகளின் அதிர்வை அளந்து, கல்லில் ஒரு துளைகூடப் போடாமல் அதை நிறுத்தும் வழியைக் கண்டுபிடிக்க உஸ்மாவுக்கு இரண்டு வருடம் ஆனது. பத்திரிகையில் வந்தது கோகிலவாணியின் படம். திறப்பு விழா அழைப்பிதழில் கோகிலவாணியின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. உஸ்மாவின் பெயரைத் தேடிக் கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. போன வாரம் அவள் அதைச் சொல்லிப் புலம்பியபோது, கல்வெட்டு ஆய்வாளர் மாதவராஜ் கண்ணாடியைத் துடைத்தபடி, "உங்க பேராவது இருக்குதுங்கம்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

இன்று பகல் மூன்று மணிக்குச் சென்னையிலிருந்து நிபுணர் குழு வருகிறது. கூடத்தைத் திறக்கலாமா என்று அவர்கள்தான் சொல்ல வேண்டும். உடைந்த பீடத்தை அவர்கள் பார்த்தால், இனி எந்த அருங்காட்சியகமும் உஸ்மாவை வாசல்படி ஏற்றாது.

அவள் குனிந்து பீடத்தின் துண்டுகளைப் பார்த்தாள். விரிசல் ஓடிய பாதையை விரலால் தடவிக்கொண்டே போனாள்.

"இது என் கணக்குல வந்த தப்பு இல்ல" என்றாள் பிறகு. "எடை தாங்காம உடைஞ்சிருந்தா, கல்லு உட்கார்ற குழியோட மூலையில இருந்து விரிசல் கிளம்பியிருக்கணும். இங்க பாரு."

பீடத்தைத் தரையோடு பிணைக்க நான்கு ஆழத் துளைகள் உண்டு. கம்பியை இறக்கி, சுற்றிலும் கலவை ஊற்றி இறுக்கிய துளைகள். விரிசல் ஸ்கேல் வைத்துக் கோடு போட்டாற்போல் துளையிலிருந்து துளைக்கு ஓடியிருந்தது.

"யாரோ உடைச்சிருக்காங்க" என்றாள் உஸ்மா.

காலை 9.05.

பீடத்தைச் செதுக்கித் தந்த அர்ச்சுனன் பைக்கில் வந்து இறங்கினார். கிரானைட் பட்டறை வைத்திருப்பவர். துளைக்குள் விரலை விட்டு வெள்ளைத் தூளை எடுத்துத் தேய்த்துப் பார்த்தார். முகம் மாறியது.

"இது சுண்ணாம்புக் கலவை இல்லைங்க. குவாரியில நாங்க பாறை பிளக்குற பொடி. தண்ணி கலந்து துளையில ஊத்திட்டா, பத்துப் பன்னெண்டு மணி நேரத்துல உப்பும். வெடிச் சத்தமே இருக்காது, பாறை பாளம் பாளமாப் பிரிஞ்சிரும்."

"நேத்து கலவை போட்டது யாரு?"

"என் ஆளுங்கதாங்க. சாயந்திரம் மூணு மணிக்கு, இங்க ஷெட்டுல இருந்த மூட்டையிலதான் எடுத்தானுங்க. கலக்கறப்ப சூடா இருக்குதுன்னு ஒருத்தன் சொன்னான். சுண்ணாம்புன்னா சுடத்தான செய்யும்னு நான்தான் சொன்னேன்." அவர் விரலில் ஒட்டிய தூளைச் சட்டையில் துடைத்தார். "மூட்டை நம்ம மூட்டைதான். உள்ள இருந்ததை யாரோ மாத்திட்டாங்க."

"அந்தப் பொடி யார்கிட்ட இருக்கும்?"

"எங்கிட்டதாங்க இருக்குது" என்றார் அர்ச்சுனன்.

காலை 9.40.

சப்-இன்ஸ்பெக்டர் சசிகலா வந்தார். அலட்டல் இல்லாத பெண்மணி. கேள்விகளும் அப்படியே.

"அர்ச்சுனன், பொடி குறைஞ்சிருக்குதா?"

"வூட்டுக்கு போன் போட்டுக் கேட்டேங்க மேடம். அஞ்சு கிலோ பை ஒண்ணைக் காணோம்."

"பட்டறைக்கு வெளியாளுங்க யாரு வந்தாங்க?"

"போன வியாழக்கிழமை இவங்க மூணு பேரும் பீடத்தைப் பாக்க வந்தாங்க. இந்தம்மா, அந்தம்மா, மாதவராஜ் சார்."

"கல்லுல இந்த பெல்ட்டை யாரு விட்டுட்டுப் போனது?"

"நான் விடலைங்க. அஞ்சு மணிக்குக் கழட்டிட்டேன்."

கோகிலவாணி தன் கைப்பேசியை நீட்டினாள். நேற்று மாலை 5.20-க்கு எடுத்த படம். பீடத்தில் கல் தனியே நின்றது. பெல்ட் இல்லை.

"அப்போ பொடியை வெச்ச ஆளே மறுபடி வந்து பெல்ட்டையும் மாட்டியிருக்கான்" என்றார் சசிகலா. "பீடம் உடையணும், கல்லு விழக்கூடாது. கதவுச் சாவி?"

"மூணுங்க. எங்கிட்ட ஒண்ணு, கோகிலாகிட்ட ஒண்ணு, சார்கிட்ட ஒண்ணு" என்றாள் உஸ்மா. "அஞ்சரைக்கு நான்தான் பூட்டினேன்."

அதற்குள் மாதவராஜ் வந்து சேர்ந்திருந்தார். பாப்பிரெட்டிப்பட்டி பக்கத்துக் கேழ்வரகுக் காட்டில், பதினொரு வருடத்துக்கு முன் இந்தக் கல்லைக் கண்டெடுத்தவர் அவர்தான். கூடம் எழும்பும் வரை தன் வீட்டுக் கொட்டகையில் வைத்துக் காத்தவரும் அவரே. தொங்கும் கல்லைப் பார்த்ததும் அருகில் போய் அதன் மேல் உள்ளங்கையை வைத்தார். அப்புறம் ஒரு ஓரமாக நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார்.

"நேத்து எப்பக் கிளம்புனீங்க சார்?"

"அஞ்சே முக்கால் பஸ்ஸுங்க" என்றார் மாதவராஜ்.

காவலாளி முருகேஷைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். "கதவு பூட்டினதுக்கு அப்புறம் கோகிலவாணி மேடம் மட்டும் ஆறு மணிக்குத் திரும்பி வந்தாங்க. பத்து நிமிஷத்துல போயிட்டாங்க. வேற யாரும் வரலைங்க" என்றான்.

கோகிலவாணி திரும்பிப் பார்த்தாள். "ஆபீஸ் ரூம்ல லேப்டாப்பை மறந்துட்டேன். எடுக்க வந்தேன். கூடத்துக்குள்ள போகவே இல்ல."

காலை 11.20.

உஸ்மா சசிகலாவை வராந்தாவுக்குத் தனியே அழைத்துப் போனாள். சொல்லலாமா வேண்டாமா என்று அவள் யோசிக்கவில்லை. வார்த்தைகள் ஏற்கெனவே நாக்கில் காத்திருந்தன.

"மேடம், முதல்ல இந்தக் கல்லைச் சுவத்துல பதிக்கணும்னுதான் கோகிலா வரைஞ்சா. என் பீடம் வந்ததும் அவ வரைபடத்தை மாத்த வேண்டியதாச்சு. அவளுக்கு அது பிடிக்கல."

"உங்ககிட்ட சொன்னாங்களா?"

"சொல்ல வேண்டியதில்லைங்க. எனக்குத் தெரியும்."

சசிகலா அவளை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டு உள்ளே போனார். அலுவலக அறைக் கதவு மூடியது. ஒரு மணி நேரம் திறக்கவில்லை. கண்ணாடி வழியே கோகிலவாணி மேசையைப் பார்த்தபடி பதில் சொல்வது தெரிந்தது. முதலில் உஸ்மாவுக்கு அது இனித்தது. கொஞ்ச நேரத்தில் கண்ணாடிப் பக்கம் பார்க்காமல் திரும்பி நின்றுகொண்டாள்.

பகல் 12.45.

கல்லைப் பத்திரமாக இறக்க அர்ச்சுனனின் ஆட்கள் புதுக் கயிற்றோடு வந்தார்கள். பழைய பெல்ட்டைக் கழற்றப் போன அர்ச்சுனன் முணுமுணுத்தார். "விவரம் தெரியாத ஆளு கட்டியிருக்கான்."

"ஏங்க?"

"மூலையில சாக்கு வைக்கலை பாருங்க. கல்லோட மூலை பெல்ட்டை அறுத்துரும். நாங்க முதல்ல அங்கதான் வைப்போம். இவன் என்னடான்னா, மூலையை விட்டுட்டு வெறும் இடத்துல துணியைத் திணிச்சிருக்கான்."

உஸ்மா பக்கத்தில் போனாள். கல்லின் வலது ஓரத்தில், பெல்ட்டுக்கும் கல்லுக்கும் நடுவே, நான்காக மடித்த வெள்ளைத் துணி ஒன்று இருந்தது. காலையிலிருந்து எல்லோரும் அதைப் பார்த்திருந்தார்கள். ஏதோ துணி என்று விட்டுவிட்டார்கள்.

தன் வரைபடத்தை எடுத்தாள். கல்லின் ஒவ்வொரு கீறலையும் அவள் அளந்து பதிந்திருந்தாள். வில் ஏந்திய வீரனுக்கு மேலே ஐந்து வரி வட்டெழுத்து. வலது ஓரம் வெறுமை. 'எழுத்து இல்லை' என்று அவள் கையாலேயே எழுதியிருந்தாள். மாதவராஜ் சொல்லித்தான் எழுதினாள்.

எழுத்தில்லாத இடத்துக்கு எதற்குத் துணி?

"அர்ச்சுனண்ணே, ஜன்னலை எல்லாம் சாத்துங்க."

இருட்டில் கைப்பேசி விளக்கைக் கல்லின் ஓரத்தோடு ஒட்டிப் பிடித்து, பக்கவாட்டில் ஒளி விழும்படி சாய்த்தாள். வழவழப்பாகத் தெரிந்த பரப்பில் மெல்லிய நிழல்கள் எழுந்தன. ஒரு வளைவு. ஒரு கொக்கி. அதன் கீழே இன்னும் சில. நகக்குறி ஆழம்கூட இல்லாத எழுத்துகள், மேலிருந்து கீழாக ஒரே வரிசையில்.

பெல்ட் உரசினால் அவை அழிந்துபோகும். அது தெரிந்த ஒருவர்தான் துணி வைத்திருக்கிறார்.

அவள் வாசலுக்குப் போனாள். "முருகேஷ், நேத்து கடைசியா இங்கிருந்து போனது யாரு?"

"மாதவராஜ் சாருங்க. ஆறரைக்கு."

"வேற யாரும் வரலைன்னு சொன்னியே?"

"அவரு வரலையேங்க. பூட்டறப்பவே காம்பவுண்டுக்குள்ளயேதான இருந்தாரு. தெனமும் அப்படித்தானுங்க, எல்லாரும் போனதுக்கு அப்புறம் தன் சாவியில திறந்து, கல்லுகிட்ட உட்கார்ந்துட்டுதான் போவாரு."

பகல் 1.30.

உஸ்மா சசிகலாவையும் கோகிலவாணியையும் கூடத்துக்கு அழைத்தாள். மாதவராஜ் காலையில் உட்கார்ந்த நாற்காலியிலேயே இருந்தார். அவள் விளக்கைக் கல்லின் ஓரத்தில் சாய்த்துப் பிடித்தாள்.

"சார், இங்க என்ன எழுதியிருக்குது?"

பொய் சொல்ல வாய் திறந்தவர்போல் அவர் உதடு அசைந்தது. ஆனால் அவர் கண் எழுத்தின் மேலேயே இருந்தது. அந்த எழுத்தைத் தவறாகப் படிக்க அவரால் முடியவில்லை.

"'தம்பி சேந்தன் நட்ட கல்'" என்று மெதுவாகப் படித்தார்.

"எத்தனை நாளாத் தெரியும்?"

"ஆறு வருஷம்."

"ஏன் எங்கிட்ட மறைச்சீங்க?"

"எல்லாத்தையும்தான் எடுத்துக்கிட்டீங்களே" என்றார். குரல் உயரவில்லை. "மழையில கிடந்த கல்லு. ஈரத் துணியால துடைச்சு, ஒவ்வொரு எழுத்தா நான் படிச்சேன். அப்புறம் நீங்க ரெண்டு பேரும் வந்தீங்க. வெளிச்சம்னீங்க, அதிர்வுன்னீங்க, ரெண்டடி தள்ளிக் கயிறு கட்டி, தொடக்கூடாதுன்னு போர்டு வெச்சீங்க. பேப்பர்ல கட்டடம் வந்துச்சு, பீடம் வந்துச்சு. இந்த ஒரு வரியாவது என்னோடவே இருக்கட்டும்னு வெச்சுக்கிட்டேன்."

"மூட்டையை மாத்தினது?" சசிகலா கேட்டார்.

"வியாழக்கிழமை பட்டறையில பொடியை என் பைக்குள்ள போட்டுக்கிட்டேன், ஞாயித்துக்கிழமை மாத்தினேங்க. பீடம் உடைஞ்சா திறப்பு தள்ளிப்போகும், கல்லு எங்கொட்டகைக்கே திரும்பி வந்துரும்னு நெனச்சேன்."

"பழி இவங்க மேல விழும்னு தெரியாதா?"

மாதவராஜ் உஸ்மாவைப் பார்க்கவில்லை. "தெரியும்ங்க" என்றார்.

ஜீப்பில் ஏறுமுன் அவர் ஒரு முறை திரும்பிக் கூடத்தைப் பார்த்தார்.

பகல் 3.00.

குழு வந்தது. உஸ்மா எதையும் மறைக்கவில்லை. விரிசல் ஓடிய பாதை, பொடி, பெல்ட், துணி எல்லாவற்றையும் வரிசையாகக் காட்டினாள். ஒரு மாதத்துக்குள் அதே வடிவில் வேறு பீடம் செய்து நிறுத்தலாம் என்று எழுதிக் கொடுத்தார்கள். ஆறாவது வரியை யார் படித்தது என்று குழுத் தலைவர் கேட்டார். "மாதவராஜ்" என்றாள். அவர் சற்றுத் தயங்கி, அந்தப் பெயரைக் குறித்துக்கொண்டார்.

மாலை 4.40.

இருவரும் வெளியே தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்திருந்தார்கள். ஒகேனக்கல் பேருந்து ஒன்று புழுதி கிளப்பிப் போனது.

"போலீஸ்கிட்ட உன்னப் பத்திச் சொன்னது நான்தான்" என்றாள் உஸ்மா.

"தெரியும். அவங்க கேட்ட கேள்வியிலயே தெரிஞ்சுது. அந்தச் சுவர் வரைபடத்தை உன்னைத் தவிர யாரும் பார்த்ததில்ல."

"நீதான்னு நான் சந்தேகப்படல, கோகி. நீயா இருக்கணும்னு ஆசைப்பட்டேன். ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குது."

கோகிலவாணி காலால் ஒரு சரளைக் கல்லை நகர்த்தினாள். கோபப்படுவாள் என்று உஸ்மா காத்திருந்தாள். திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக இருந்தாள்.

"காலையில கதவைத் திறந்தப்ப நான் ஏன் வாசல்லயே நின்னேன் தெரியுமா?" என்றாள் கோகிலவாணி.

"பயத்துல."

"பீடம் உடைஞ்சு கிடந்ததைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துருச்சு. நீ பின்னாடி நிக்கிற. முகத்தைச் சரி பண்ணிக்கத்தான் திரும்பாம நின்னேன்."

உஸ்மா அவளைப் பார்த்தாள். பத்து வருடப் பழக்கத்தில் இவ்வளவு உண்மையாக ஒரு வார்த்தையை அவளிடமிருந்து கேட்டதில்லை என்று தோன்றியது. வலித்தது. ஆனாலும் எழுந்து போகத் தோன்றவில்லை.

"புதுப் பீடத்துக்கு அளவெடுக்க அர்ச்சுனண்ணன் நாளைக்கு எத்தனை மணிக்கு வரச் சொன்னாரு?" என்று கேட்டாள்.

"ஒம்பது மணிக்கு."

"ரெண்டு பேருமே போலாம்" என்றாள் உஸ்மா.