பாட்டு நின்றால் இழு

மூச்சு வாங்குவதற்காக ரோஸ்வித்தா பாட்டை நிறுத்தினாள். பாட்டு ஒரு சொல் தள்ளித்தான் நின்றது.

எதிரொலி என்று நினைத்துக்கொண்டாள். ஆளுயர ஒயின் பீப்பாய்க்குள் மண்டியிட்டு, புளித்த மரத்தின் வாடையும் பழைய கந்தகப் புகையும் மூக்கை அடைக்க, ஒற்றை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பலகையில் ஒயின் படிந்து இறுகிய உப்பைச் சுரண்டுகிறவளுக்கு வேறென்ன தோன்றும்? பீப்பாயின் கதவு ஒரு தோள் அகலம்தான். நெளிந்து உள்ளே போய்விடலாம். வெளியே வர ஒருவர் கையைப் பிடித்து இழுத்தாக வேண்டும். அதனால்தான் மோசல் ஆற்றங்கரையில் உள்ளே இருப்பவர் பாடிக்கொண்டே இருப்பார். பாட்டு நின்றால் காற்று கெட்டுவிட்டது, உடனே இழுக்க வேண்டும்.

வெளியே அவள் கணவன் அன்செல்ம், படகில் வந்த பயணிகளுக்கு ஒயின் ஊற்றிக்கொண்டிருந்தான். அவர்களுக்கு, மலைமேல் இருக்கும் கோட்டையும் அழகு, அதன் அடியில் பூஞ்சை பிடித்த இந்த நிலவறையும் அழகு.

"முப்பத்தெட்டு வருஷம் முன்னாடி, கல்யாணமான புதுசுல வந்தோம்," என்றது ஒரு கிழவரின் குரல். "இதே பீப்பாய்க்குள்ள ஒரு பொண்ணு இதே பாட்டைப் பாடிட்டிருந்துச்சு."

"எங்க லியோபா அத்தை," என்றான் அன்செல்ம். "அன்னிக்கு இதுக்குள்ளயே செத்துட்டாங்க. பாட்டு நின்னதை யாரும் கவனிக்கல. அதான் நான் காதைத் தீட்டி வச்சிருக்கேன்."

"நிக்கவே இல்லையேப்பா. படகு கிளம்புற வரைக்கும் கேட்டுச்சே."

"ஞாபகம் மாறிப்போச்சு, பெரியவரே."

அத்தை கதை ரோஸ்வித்தாவுக்குத் தெரியும். கிழவர் சொன்ன பாதிதான் தெரியாது. மெழுகுவர்த்தியின் சுடர் சிறுத்து நீலமாகியிருந்தது. போதும், வெளியே போய்விடலாம் என்று பாடுவதை நிறுத்தி வாயை மூடிக்கொண்டாள்.

பாட்டு நிற்கவில்லை.

அவள் குரலேதான். அவள் எப்போதும் தடுமாறும் மூன்றாவது அடியில் தடுமாறவும் செய்தது.

'அன்செல்ம், இழு!' வாய் திறந்தது. சத்தம் வரவில்லை. கதவு வழியே கையை விட்டுப் பலகையைத் தட்டினாள். ஓங்கி ஓங்கித் தட்டினாள்.

"பாருங்க, தாளம் வேற போடுறா!" அன்செல்ம் சிரித்தான். எல்லோரும் கைதட்டினார்கள். விரிந்த அந்தக் கையில் யாரோ ஒரு ஒயின் கோப்பையைத் திணித்தார்கள்.

ஆற்றில் படகு ஊதியது.

"இவங்களைப் படி ஏத்தி விட்டுட்டு வரேன், ரோஸி. பாட்டு கேட்டுட்டேதான் இருப்பேன்."

காலடிகள். படிகள். அப்புறம் ஒன்றுமில்லை.

கோப்பை விழுந்து நொறுங்கியது. மெழுகுவர்த்தி அணைந்தது.

இருட்டில் பாட்டு அடுத்த அடிக்கு வந்தது. ரோஸ்வித்தா வழக்கமாக மூச்சு வாங்கும் இடம். அவள் பிடரிக்கு வெகு அருகில், ஏதோ ஒன்று மூச்சை உள்ளே இழுத்தது.