தூதர் கேட்ட வாள்

ரைன் நதியின்மீது அந்திச் செவ்வானம் கரைந்துகொண்டிருந்தது. கிழக்குக் கரைத் திராட்சைத் தோட்டங்களின் பின்னாலிருந்து எழுந்த பூரணச் சந்திரன், மேற்குக் கரையில் நிமிர்ந்து நின்ற வால்ட்பெர்க் கோட்டையின் கருங்கல் மதில்களை மெல்லத் தழுவத் தொடங்கியிருந்தான். மதில்மேல் பீரங்கிகள் இருந்தன. பீரங்கி வீரர்கள் இல்லை. சமாதானம் வந்துவிட்டதென்று அவர்கள் கீழே முற்றத்தில் ஆடிப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

அந்தச் சமாதானத்தைக் கொண்டுவந்தவர் எதிர்க்கரை ரோடன் நாட்டுத் தூதர் எக்பெர்ட். வாசகர்களே, அவர் பிறவித் தூதர் அல்லர். பதினைந்து ஆண்டுகள் குதிரைப்படையில் வாள் பிடித்தவர். "இரத்தம் தோய்ந்த கையைப் பற்றமாட்டேன்" என்று இந்தக் கோட்டையின் தலைவி தெக்லா ஒருமுறை சொல்லிவிட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகவே வாளைக் கழற்றிவிட்டுப் பேனாவைப் பிடித்தார்.

தூதர்களுக்குள் ஒரு வழக்கம் உண்டு. அரசாங்கக் கடிதம் இரண்டாக வரும். திறந்த நகல் முதலில் மந்திரிகளுக்கு. அரக்கு முத்திரையிட்ட மூலம் பின்பு சபையில் ஆள்பவரின் கைக்கு. மூலத்தைத் தூதரும் பார்க்கக் கூடாது. ஆயினும் நண்பகலில் நகலை நீட்டியபோது, "இரண்டும் ஒன்றே, என் மானத்தின்மேல் ஆணை!" என்று எக்பெர்ட் முழங்கியிருந்தார். தம் நாட்டு முதன்மந்திரியின் பேச்சைப் படைத்தலைவனின் கட்டளையாக எண்ணி நம்பியிருந்தார். தூதராகியும் சிப்பாய் புத்தி போகவில்லை, பாருங்கள்!

இப்போது சபையில் தெக்லா முத்திரையை உடைத்தாள். படித்தாள். முகம் வெளிறியது.

"தூதரே, நகலில் சமாதானம் இருந்தது. இதில் இருப்பதைக் கேளும். 'கோட்டை இனி எமது. எதிர்த்தால் ஒருவரும் மிஞ்சமாட்டீர்.' மானத்தின்மேல் ஆணையிட்டீரே!"

எக்பெர்ட் சாளரத்துக்கு ஓடினார். எதிர்க்கரையில் தெப்பங்கள் இறங்கிக்கொண்டிருந்தன. அவற்றில் நின்றது அவருடைய பழைய படைப்பிரிவு!

அடடா, அந்தக் கோபத்தை என்னவென்று சொல்வது! "பாதகன்! என் நாக்கை வைத்தே இந்த மதிலைக் காலி செய்துவிட்டான்! தூண்டில் புழுவாக அல்லவா என்னை அனுப்பியிருக்கிறான்!" மார்பிலிருந்த பதக்கத்தைப் பிய்த்துத் தரையில் எறிந்தார். மந்திரிமேல் வந்த ஆத்திரத்தைக் காட்டிலும் தம்மேல் வந்த ஆத்திரமே பெரிதாயிருந்தது.

காவலர்கள் அவரைச் சூழ்ந்தார்கள்.

"அவரை விடுங்கள். பீரங்கி வீரர்களை மதிலுக்கு அனுப்புங்கள்!" என்றாள் தெக்லா. பிறகு தூதரிடம், "தெப்பங்கள் நடு நதிக்கு வந்தால் சுடுவேன். வேறு வழியில்லை" என்றாள்.

"அரை நாழிகை பொறுங்கள், தேவி. அந்த வீரர்களுக்கு என் குரல் தெரியும். தூதர் உடைக்கு அழகாக அணிந்து வந்தேனே, வாசலில் வாங்கி வைத்த அந்த வாளைத் தரச் சொல்லுங்கள்."

"மறுபடியும் வாளா?"

"இரண்டும் ஒன்றே என்று சத்தியம் செய்தேன். அது பொய்யாயிற்று. தெப்பங்களைத் திருப்பி, அந்த மந்திரியைக் கொண்டே இந்த நகலில் முத்திரை பதிக்க வைப்பேன். அதுவரை இந்தக் கரையில் கால் வைக்கமாட்டேன். இது என் சபதம்!"

தெக்லா தானே வாசலுக்குச் சென்று வாளை எடுத்து வந்தாள். பற்றமாட்டேன் என்ற அந்தக் கையைப் பற்றி, அதில் வாளை வைத்து அழுத்தினாள்.

"அரை நாழிகைதான்" என்றாள்.