நிறுத்தாத படம்

நாலாம் குளிரறையில் ஆளே இல்லை. ஆனாலும் அதன் திரை பீப் பீப் என்று கத்திக்கொண்டிருந்தது. உள்ளே யாராவது அசைந்தால்தான் அது கத்தும்.

மீன் கிடங்கின் கேமரா அறையில், மின்விசிறியின் கிறீச்சொலியும் ஆறிப்போன டீயின் வாடையும் சூழ உட்கார்ந்திருந்த ஆபரேட்டர் அந்தத் திரையை ஓரக்கண்ணால் பார்த்தான். முன்பெல்லாம் இந்தத் தொல்லைக்கு அவனிடம் ஒரு வழி இருந்தது. திரையில் ஓடும் படத்தை அப்படியே நிறுத்திவிட்டால் சத்தம் வராது. சாப்பிட்ட பிறகு நிம்மதியாகக் கண்ணயரலாம். அப்படி நிறுத்திவைத்த ஒரு மதியம்தான் சுமை தூக்கும் ஆள் ஒருவன், கதவின் உள்கைப்பிடி உடைந்துபோய், அந்த நாலாம் குளிரறைக்குள் மாட்டிக்கொண்டான். கேமரா பக்கம் தூக்கிய கையோடு விறைத்துக் கிடந்தவனை மாலையில்தான் பார்த்தார்கள். கேமரா பழுது என்று சொல்லித் தப்பித்துக்கொண்டான் இந்தப் புண்ணியவான்.

செத்தவன் மனைவிக்கு நிர்வாகம் வேலை போட்டுக் கொடுத்தது. எங்கே? இவனுக்குப் பக்கத்து நாற்காலியில்!

சுவரில் ஒட்டியிருந்த ‘விஜிலன்ட்’ என்ற சொல்லுக்கு வந்த அன்றே அவள் அர்த்தம் கேட்டாள். தூங்காமல் இருப்பது, அவ்வளவுதான் என்றான். மறுநாள் அகராதி பார்த்துவிட்டு வந்தாள்.

“அது இல்லண்ணே. ஆபத்து வரும்னு தெரிஞ்சு, அதுக்காகவே காத்திருந்து பார்க்கறது. சும்மா டிவி பார்க்கறவனை அப்படிச் சொல்ல மாட்டாங்க.”

இப்போதும் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல், உள்ளே யாரோ இருக்கிறார்கள், போய்ப் பாருங்கள் என்றாள். மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பாள். என்னவென்று சொல்வது? எழுந்து போனான்.

கதவைத் திறந்ததும் மீன் நாற்றமும் குளிரும் ஒன்றாக முகத்தில் அறைந்தன. பனி படிந்த பெட்டிகளுக்கு நடுவே நீண்ட நிழல்கள் கிடந்தன. குளிரூட்டி எங்கோ முனகியது. யாருமில்லை. அப்பாடா என்று திரும்பினான்.

கதவு சாத்தியிருந்தது.

அந்தச் சாவுக்குப் பிறகு புதிதாக மாட்டிய உள்கைப்பிடியைத் திருகினான். சுற்றியது. சும்மா சுற்றியது.

தட்டினான். கத்தினான். எல்லோரும் சாப்பாட்டுக்குப் போயிருந்தார்கள். கேமராவைப் பார்த்து இரண்டு கையையும் ஆட்டினான். அது மெல்லத் திரும்பி அவன் முகத்துக்கு நேராக நின்றது. ஒலிபெருக்கி கரகரத்தது.

“பார்த்துக்கிட்டுத்தாண்ணே இருக்கேன். படத்தை நிறுத்தலை.”

அவளுக்குத் தெரிந்திருக்கிறது. எல்லாமே.

விரல் மரத்தது. பல் கிட்டியது. வாயிலிருந்து வெள்ளையாக மூச்சு வந்தது. பக்கத்தில் இன்னொரு மூச்சும்.

மூச்சை அடக்கினான்.

அவனுடையது நின்றது. மற்றது, அவன் காதோரம், வெள்ளையாக, அவசரமே இல்லாமல் வந்துகொண்டிருந்தது.