ஜெயஸ்ரீ விட்டுப்போன உப்பு

சாயங்காலம் காசிமேட்டில் மீன் விற்றுவிட்டு உதயா வீடு திரும்பியபோது மகள் வினிதாவின் தலை பின்னியிருந்தது. காலை அவசரத்தில் ரப்பர் பேண்டில் சுருட்டிவிட்டுப் போன தலை. இப்போது வகிடெடுத்து, படிய வாரி, இரட்டைச் சடை.

"யாருடி பின்னி வுட்டது?"

"அம்மா."

"நான் இப்பத்தானே வரேன்?"

ஆறு வயசுக் குழந்தை சமையலறைப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டு நோட்டில் குனிந்துகொண்டது. சடை ஈரமாக இருந்தது, கடல் தண்ணீர் வாடை அடித்தது. பக்கத்து வீட்டில் கேட்டாள். யாரும் வரவில்லை என்றார்கள்.

எர்ணாவூர் குடியிருப்பில் தான் குடியிருந்த இந்த மாடி வீட்டைத் தங்கை ஜெயஸ்ரீதான் காலி செய்து கொடுத்தாள். புருஷன் விட்டுப்போன பிறகு சொந்தபந்தமெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்ள, அவள் ஒருத்திதான் கூப்பிட்டாள். உதயா அன்றைக்கு அவளைக் கட்டிக்கொண்டு அழுதாள்.

அவர்கள் குப்பத்தில் புது வீட்டுக்குள் முதலில் உப்புதான் போகும். காலி செய்கிறவர்கள் தங்கள் உப்பை ஒரு கல் விடாமல் எடுத்துப் போய்விடுவார்கள். விட்டால் அவர்களுடைய நல்லது கெட்டது வருகிறவர்களோடு ஒட்டிக்கொள்ளும். ஜெயஸ்ரீயின் ஜாடியோ அடுப்பு மேடையிலேயே இருந்தது.

"இன்னாத்துக்குக்கா ரெண்டு ஜாடி? உன் உப்ப இதுலயே கொட்டு. நம்ம ஒரே வவுத்துல பொறந்தவங்கதானே" என்றாள் அவள்.

உதயா கொட்டினாள். கூடப்பிறந்தவளைச் சந்தேகப்படவா முடியும்?

அன்றிலிருந்து எவ்வளவு சமைத்தாலும் ஜாடியில் உப்பு குறையவில்லை. கண்டெய்னர் லாரிகள் போகும்போதெல்லாம் ஜன்னல் கம்பி அதிர்கிற அந்தச் சத்தத்துக்கு நடுவே, சமையலறையில் ஈரப்புடவை தரையில் இழுபடுவது போலவும், வளையல் இல்லாத கை பாத்திரத்தைத் துழாவுவது போலவும் வேறொரு சத்தம் கேட்டது. ஊட்டப் போனால் வினிதா வாயை மூடிக்கொண்டாள். சாப்பிட்டாயிற்றாம்.

சடையைப் பார்த்த அன்றே விளக்கேற்றும் நேரத்தில் கரண்ட் போனது. உதயா தங்கைக்கு போன் போட்டாள்.

"உப்ப எடுத்துகினு போய் கடல்ல கொட்றேன்டி."

"வோணாங்கா." ஜெயஸ்ரீ அவசரமாகத் தடுத்தாள். "கொட்டுனா அது எங்கிட்ட வந்துடும். எம்பொண்ணு ஒரு வருசமா என்ன அம்மான்னு கூப்புடல. நீ வந்தப்புறந்தான் கூப்புடுது."

"தெரிஞ்சேவா என்ன வரச் சொன்ன?"

"நீ தாங்குவேக்கா. சின்ன வயசுலர்ந்தே நீதானே எல்லாத்தையும் தாங்குவ."

போன் கட் ஆனது. அடித்திருந்தால்கூட இவ்வளவு வலித்திருக்காது.

"வினிதா?"

அறையில் இல்லை. நோட்டு மட்டும் திறந்து கிடந்தது.

சமையலறை வாசல். காலடியில் தண்ணீர். சில்லிட்ட தண்ணீர். ஜாடியின் மூடி கீழே கிடந்தது.

இருட்டில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். மடியில் வினிதா. ஒரு கை மட்டும் தெரிந்தது. வெளுத்த கை, வெகுநாள் தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். அது சோற்றை உருட்டியது. வினிதா வாயைத் திறந்தாள்.

"கண்ணு. வாடா. அம்மாகிட்ட வா."

குழந்தை திரும்பியது. தெருவில் போகிறவர்களைப் பார்ப்பது போல உதயாவைப் பார்த்தது. பிறகு இருட்டிலிருந்த முகத்தை அண்ணாந்து கேட்டது.

"யாரும்மா இவங்க? இன்னாத்துக்கு அழுவுறாங்க?"

அந்தக் கை குழந்தையின் வாயைத் துடைத்துவிட்டு, அடுத்த கவளத்தை உருட்டியது.